சான்றிதழுக்குப் பிறகு: ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பள்ளியில் உதவி பெறும் வழிகள்

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பள்ளிகள் திறந்து இரண்டு மூன்று வாரங்கள் கழிந்ததும் எங்கள் குழந்தை வளர்ச்சிப் பிரிவின் வாசலில் கூட்டம் சேர்கிறது. வெளியே தென்மேற்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும். நனைந்த குடையை ஓரமாகச் சாய்த்துவிட்டு உள்ளே வரும் பெற்றோர் பலரின் கையில் ஒரு கோப்பு இருக்கும். மருத்துவ அறிக்கை, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், அடையாள அட்டையின் நகல் ஆகியவை அதில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். "எல்லாம் வாங்கிவிட்டோம், டாக்டர். ஆனாலும் பள்ளியில் ஒன்றும் மாறவில்லை" என்று அவர்கள் பேச்சைத் தொடங்குவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு தாயை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். குடும்பத்தின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பள்ளி அவனை நீக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'வருகை' என்றே குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் வாரத்தில் நான்கு நாள்களாவது முற்பகலிலேயே தாய்க்குத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். "பதினோரு மணி ஆனாப் போதும், போன் வந்துரும் டாக்டர். மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு ஓடணும். அரைநாள் சம்பளம் போயிரும்" என்றார் அவர்.

அரைநாள் பள்ளி என்பது எந்தக் காகிதத்திலும் பதிவாகாத வெளியேற்றம். பள்ளியின் கணக்கில் குழந்தை படித்துக்கொண்டிருக்கிறான். உண்மையில் பாதிக் கல்வியை இழக்கிறான். தாயோ பாதி வருமானத்தை இழக்கிறார். இதற்குப் பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணமும் காரணமன்று. நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு இந்த ஒரு குழந்தையோடு என்ன செய்வதென்று தெரியவில்லை, சொல்லித்தரவும் ஆளில்லை.

இக்கட்டுரை வலியுறுத்துவது ஒன்றே. சான்றிதழ் குழந்தையின் உரிமையை உறுதிப்படுத்தும். ஆனால் நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதை அது ஆசிரியருக்குச் சொல்லாது. அதைச் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பு ஒன்று வேண்டும். அதைப் பெற்றோரும் மருத்துவரும் ஆசிரியரும் சேர்ந்து எழுத வேண்டும்.

ஆட்டிசம்: வகுப்பறையில் அது எப்படித் தெரியும்?

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் தொடக்கத்திலிருந்தே காணப்படும் ஒரு வேறுபாடு. மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. பெற்றோரின் வளர்ப்பினாலோ தடுப்பூசியினாலோ இது வருவதில்லை. பிறருடன் பேசிப் பழகுவதில் சிரமம், ஒரே செயலையோ ஒரே வழக்கத்தையோ விடாது பற்றிக்கொள்ளுதல், ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை இதன் முதன்மை அடையாளங்கள்.

அரசுப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற சொல்லைக் காண்பீர்கள். 'மதியிறுக்கம்' என்றும் சிலர் எழுதுவர். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில்தான் குறியிட வேண்டியிருக்கும்; அச்சொல்லைக் கண்டு மனம் வருந்த வேண்டாம். மருத்துவர் என்ற முறையில் நான் காண்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. நாம் கவனிக்காமல் கடந்துபோகும் புற உலகம் முழுவதும் இக்குழந்தைகளின் மேல் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. மின்விளக்கின் மெல்லிய இரைச்சல், பக்கத்து வகுப்பின் கூட்டு வாசிப்பு, சமையற்கூடத்தின் மணம், கழுத்தை உறுத்தும் கம்பளிச் சட்டை ஆகியவற்றுக்கு நடுவே ஆசிரியரின் குரலைத் தனியே பிரித்தெடுக்க அவர்கள் போராடுகிறார்கள்.

இந்தப் போராட்டம் எல்லை மீறும்போது குழந்தை அலறலாம், ஓடலாம், கையைக் கடித்துக்கொள்ளலாம். இதை அடம் என்று எண்ணிவிடுகிறோம். அடம்பிடிக்கும் குழந்தை தனக்கு வேண்டியது கிடைத்தவுடன் நிறுத்திவிடும். யார் பார்க்கிறார்கள் என்பதையும் கவனிக்கும். தாங்க முடியாமல் தவிக்கும் குழந்தைக்கு அந்த நேரத்தில் கண்டிப்பும் பயன்படாது, மிட்டாயும் பயன்படாது. தவிப்பை உண்டாக்கியதிலிருந்து அதை விலக்கி, அமைதியாக இருக்க விடுவதே வழி.

ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. வலிப்பு, உறக்கமின்மை, மிகை இயக்கம் போன்றவை உடன் இருந்தால் அவற்றுக்கு மருந்து தருகிறோம். ஆகவே குழந்தையின் முன்னேற்றத்தில் பெரும்பகுதி வீட்டிலும் பள்ளியிலும்தான் நிகழ வேண்டும்.

முதலில் ஒரு குறிப்பேடு

அந்தத் தாயிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, மூன்று பத்திகளாகக் கோடு போடச் சொன்னோம். முதல் பத்தியில் அலறலுக்கு முன் என்ன நடந்தது. இரண்டாவதில் பையன் என்ன செய்தான். மூன்றாவதில் அதன்பின் என்ன நடந்தது. வகுப்பாசிரியரிடம் பேசி, தொலைபேசியில் அழைக்கும் ஒவ்வொரு நாளும் இம்மூன்றையும் ஓரிரு வரிகளில் எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டோம்.

இரண்டு வாரத்தில் விடை தெரிந்தது. எல்லா நிகழ்வுகளும் முற்பகல் இடைவேளையை ஒட்டியே நடந்திருந்தன. அப்பள்ளியில் மணி என்பது தாழ்வாரத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. பையன் உட்காரும் இடமோ அதை ஒட்டிய சன்னலின் அடியில். மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லாரும் அவனைக் கடந்துதான் வெளியே ஓடுவார்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான், தொலைபேசி அழைப்பு போகும், வீட்டுக்குச் சென்றுவிடுவான். அலறினால் வீட்டுக்குப் போகலாம் என்பதையும் அவன் நாளடைவில் கற்றுக்கொண்டிருந்தான். நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடே நிகழ்வை வளர்த்துவிட்டது.

எல்லாக் குழந்தைகளுக்கும் விடை இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. ஆயினும் குறிப்பேடு இல்லாமல் பள்ளிக்குச் சென்று பேசினால் 'உங்கள் பிள்ளை எப்போதும் இப்படித்தான்' என்ற சொல்லும் 'வீட்டில் இப்படியில்லையே' என்ற சொல்லும் மோதிக்கொண்டு நிற்கும்.

சட்டம் தரும் உரிமைகள்

இரண்டு சட்டங்களைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். முதலாவது, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். சேர்க்கையின்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்துத் தெரிவு செய்யக் கூடாது. எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தனியார் பள்ளிகளில் நலிவுற்ற பிரிவினருக்கு ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்களுக்கு மாற்றுத்திறன் குழந்தைகளும் தகுதி பெறுகின்றனர். கடுமையான குறைபாடுள்ள குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் வாய்ப்பையும் அத்திருத்தம் அளித்தது. ஆனால் அது குழந்தையின் தேவையைக் கருதிப் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் வழி. பள்ளி தன் வசதிக்காகக் குழந்தையை வீட்டுக்கு அனுப்ப அதைக் காரணமாகக் காட்ட முடியாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மாவட்டத்தில் அத்தகைய பள்ளிகள் பல இருப்பதால் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். இதில் வகைப்படுத்தப்பட்டுள்ள 21 குறைபாடுகளுள் ஆட்டிசமும் ஒன்று. அரசு நடத்தும் பள்ளிகள் மட்டுமன்றி, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளையும் இது கருத்தில் கொள்கிறது. பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்வது, தனிப்பட்ட தேவைக்கேற்ற நியாயமான வசதி செய்து தருவது, ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிப்பது ஆகியவற்றை அதன் 16-ஆம் பிரிவு கூறுகிறது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளதாகச் சான்றளிக்கப்பட்ட குழந்தை, 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கல்வி பெறலாம் என்பது 31-ஆம் பிரிவு.

'நியாயமான வசதி' என்ற சொற்றொடரைப் பெற்றோர் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. இடம் மாற்றி உட்காரவைப்பதும், ஒலி மிகும்போது ஐந்து நிமிடம் வெளியே நிற்க விடுவதும் அத்தகைய வசதிகளே. இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை.

சான்றிதழும் அடையாள அட்டையும்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழையும் தனித்துவ அடையாள அட்டையையும் இணையவழி விண்ணப்பித்துப் பெறலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், பள்ளிக் கல்வித் துறை வட்டாரந்தோறும் நடத்தும் மருத்துவ முகாம்களிலும் இதற்கு உதவி கிடைக்கும். ஆட்டிசத்தை மதிப்பிட 'இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல்' பயன்படுத்தப்படுகிறது. அதில் 40 வினாக்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐ எட்டினால் ஆட்டிசம் உள்ளதாகக் கொள்ளப்படும்.

சான்றிதழில் உள்ள விழுக்காடு குழந்தையின் அறிவை அளப்பதன்று. 'என் பிள்ளைக்கு அறுபது விழுக்காடு மூளை வேலை செய்யவில்லையா?' என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டதுண்டு. அது உதவித் திட்டங்களுக்கான தகுதியைக் குறிக்கும் எண் மட்டுமே. சிறு வயதில் தரப்படும் சான்றிதழ் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். அதன் இறுதி நாளைப் பார்த்து வைத்துக்கொண்டு முன்கூட்டியே புதுப்பியுங்கள்.

இன்னொன்று: சான்றிதழ் வரும் வரை பள்ளியில் பேசாமல் காத்திருக்க வேண்டாம். இடம் மாற்றி உட்காரவைக்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

யாரை அணுகுவது?

முதலில் வகுப்பாசிரியர், அடுத்துத் தலைமை ஆசிரியர். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் 'உள்ளடங்கிய கல்வி'ப் பிரிவு வட்டார வள மையங்கள் வழியாகச் செயல்படுகிறது. நம் மாவட்டத்தில் உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று நான்கு வட்டாரங்கள். குந்தா, பந்தலூர் வட்டங்களில் உள்ளவர்கள் தங்கள் பள்ளி எந்த வள மையத்தின் கீழ் வருகிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அங்குள்ள சிறப்பாசிரியர்களும் இயன்முறைப் பயிற்சியாளர்களும் பள்ளிக்கு வருவார்கள். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்கு வீட்டுக்கே சென்று பயிற்சி தருவதும் உண்டு. போக்குவரத்துப் படி, வழித்துணைப் படி, மாற்றுத்திறன் மாணவியருக்கான ஊக்கத்தொகை ஆகியவற்றையும் இங்கேயே கேட்கலாம். குழந்தையின் விவரம் பள்ளியின் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் மாற்றுத்திறன் மாணவர் என்று பதிவாகியிருந்தால்தான் இவை வந்துசேரும். 'பதிவு செய்தாயிற்றா?' என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளைக் கவனிக்கிறார். நாள்தோறும் வருவார் என்று எதிர்பார்க்க இயலாது. தொடக்கப் பள்ளிகளில் பத்து மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற அளவில் சிறப்பாசிரியர்கள் வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த நிலை எல்லா இடங்களிலும் வரும் வரை, அவர் வரும் நாளில் வகுப்பாசிரியருக்கு என்ன சொல்லித்தந்துவிட்டுப் போகிறார் என்பதே முதன்மையானது.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஐயம் இருப்பின், அங்கன்வாடிப் பணியாளர் வழியாகவோ நேரடியாகவோ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை அணுகுங்கள். பேச்சுத் தாமதமுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் செவித்திறன் சோதனை கட்டாயம் செய்யப்பட வேண்டும்.

ஒரு பக்கக் குறிப்பு

மருத்துவ அறிக்கையைப் படிக்க ஆசிரியருக்கு நேரம் இருக்காது; படித்தாலும் அதில் அவருக்கு வேண்டியது குறைவு. எனவே கீழ்க்கண்டவாறு ஒரே பக்கத்தில் எழுதித் தரும்படி எங்களிடம் வரும் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் எங்கள் பணியாளர்கள் எழுதித் தருவார்கள்.

*என் மகன் இரண்டாம் வகுப்பில் படிக்கிறான். அவனுக்கு ஆட்டிசம் உள்ளது. எண்கள், பேருந்துப் பெயர்ப்பலகைகள் ஆகியவற்றில் ஆர்வம் மிகுதி. படம் பார்த்தால் விரைவில் புரிந்துகொள்வான்.*

*பேச்சு: இரண்டு மூன்று சொற்களில் பேசுவான். பெயர் சொல்லி அழைத்து, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொன்னால் செய்வான். பதில் சொல்லப் பத்து நொடி ஆகும். அதுவரை பொறுக்க வேண்டுகிறேன். கண்ணைப் பார்க்காவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பான்.*

*துன்பம் தருபவை: இடைவேளை மணி, கூட்டமாக ஓடுதல், பின்னாலிருந்து யாராவது தொடுதல், சொல்லாமல் செய்யும் மாற்றம்.*

*தவிப்பு தொடங்கும் அறிகுறி: காதைப் பொத்துவான், சட்டை நுனியை மெல்லுவான். அப்போது தாழ்வாரத்தின் மறுகோடிக்கு அழைத்துச் சென்று ஐந்து நிமிடம் பேசாமல் உடனிருந்தால் தணிந்துவிடுவான். பிடித்து இழுத்தால் கூடும்.*

*கேட்டுக்கொள்வது: மணிக்குத் தொலைவாக முன்வரிசையில் இடம், அன்றைய பாடவேளைகளைக் காட்டும் பட அட்டை, மணி அடிக்க ஐந்து நிமிடம் முன் அவனிடம் சொல்லுதல், இடைவேளைக்கு இரண்டு நிமிடம் முன்னதாக ஒரு நண்பனோடு வெளியே அனுப்புதல், எழுதுவதற்குப் பதிலாகச் சில விடைகளை வாயால் சொல்ல விடுதல்.*

*கழிப்பறைக்குச் செல்ல வேண்டும் என்றால் கதவைத் தட்டுவான். வலியைச் சொல்லத் தெரியாது. வேலியைத் தாண்டிச் செல்லும் வழக்கம் உண்டு. அவசரத்துக்கு எங்கள் தொலைபேசி எண் இது.*

இக்குறிப்பில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டுகிறேன். குழந்தையால் இயன்றது முதலில் வருகிறது. கேட்டுக்கொள்வது ஐந்து மட்டுமே. இருபது கேட்டால் ஒன்றும் நடக்காது. ஐந்தில் மூன்று நடந்தாலே பெரிய மாற்றம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திருத்தி எழுதுங்கள். புதிய ஆசிரியர் வரும்போது புதிய நகல் கொடுங்கள்.

நம் மலைக்கே உரியவை

மருத்துவ நூல்களில் இல்லாத சில செய்திகளை நீலகிரிப் பெற்றோர் எங்களுக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள்.

கம்பளிச் சட்டை: சீருடையின் பகுதியான கம்பளிச் சட்டை சில குழந்தைகளுக்கு முள் போல உறுத்தும். உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டை அணிவித்து, கழுத்துப் பட்டைத் துணியை வெட்டிவிடுங்கள். அதுவும் இயலாவிட்டால் அதே நிறத்தில் மென்மையான மேலாடைக்கு அனுமதி கேளுங்கள்.

மழை விடுமுறை: கனமழைக்கு ஆட்சியர் விடுமுறை அறிவிப்பது மற்றக் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், நம் குழந்தைக்கு வழக்கம் குலைந்த நாள். பள்ளிப் படம், வீட்டுப் படம் என இரண்டு அட்டைகள் செய்து, காலையில் எது என்று காட்டுங்கள். விடுமுறை நாளிலும் அதே நேரத்தில் எழுதல், உண்ணல், சிறிது நேரம் புத்தகத்தோடு உட்காருதல் ஆகியவற்றை விடாதீர்கள். மறுநாள் பள்ளிக்கு அனுப்புவது எளிதாகும்.

பாதுகாப்பு: ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் சொல்லாமல் வெளியேறிவிடுவர். நம் ஊரில் அது செங்குத்தான பாதையிலோ, வளைவுச் சாலையிலோ, காட்டெருமை மேயும் தேயிலைக் காட்டிலோ போய் முடியும். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் யானையும் உண்டு. எனவே ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் குழந்தையைப் பார்த்து உறுதி செய்பவர் யார் என்று பெயர் குறித்து முடிவு செய்யுமாறு பள்ளியைக் கேளுங்கள். சட்டைப்பையில் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்கட்டும்.

உணவு: காலை உணவோ சத்துணவோ மணத்தால் ஒவ்வாமல் போகலாம். வீட்டு உணவை ஒரு சிறிய பாத்திரத்தில் கொடுத்தனுப்ப அனுமதி கேளுங்கள். பட்டினியாக இருக்கும் குழந்தையிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

மொழி: வீட்டில் படுகு, மலையாளம், கன்னடம் அல்லது பழங்குடியினரின் தாய்மொழி, பள்ளியில் தமிழோ ஆங்கிலமோ. இரண்டு மொழிகளால் ஆட்டிசம் வருவதுமில்லை, மிகுவதுமில்லை. பாட்டியும் தாத்தாவும் தங்கள் மொழியில் பேசுவதை நிறுத்த வேண்டாம். தண்ணீர், கழிப்பறை, வலி, போதும் ஆகியவற்றுக்குக் குழந்தை பயன்படுத்தும் சொற்களை மட்டும் ஆசிரியருக்கு எழுதிக் கொடுங்கள்.

பள்ளி மறுத்தால்

முதல் சந்திப்பில் சட்டத்தைப் பேச வேண்டாம். குறிப்பேட்டையும் ஒரு பக்கக் குறிப்பையும் மேசை மீது வையுங்கள். 'ஒரு மாதம் முயன்று பார்க்கலாமா?' என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இசைவார்கள்.

'இப்போதைக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால், அதை எழுத்தில் தரும்படி பணிவுடன் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே தேதியிட்டு ஒரு கடிதம் எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். சீக்கிரம் அழைத்துச் செல்லச் சொன்ன நாள்களையும் நேரங்களையும் குறித்து வையுங்கள். கணக்கில் வராத அரைநாள்கள் அப்போதுதான் கணக்கில் வரும்.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். உங்கள் குழந்தையின் தேவையைக் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மேல் மாவட்டக் கல்வி அலுவலகம். மாற்றுத்திறன் குழந்தைகளின் சேர்க்கையையும் வசதிகளையும் கவனிக்க அங்கே ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. திங்கள்கிழமைகளில் ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இறுதியாக, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

தேர்வுகளை முன்னிட்டு

கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு போன்ற தேர்வுச் சலுகைகளை 2016-ஆம் ஆண்டுச் சட்டமே குறிப்பிடுகிறது. தேர்வு நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடும். பத்தாம் வகுப்பின் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பியுங்கள். சலுகையைக் கீழ் வகுப்புகளிலேயே பழக்கப்படுத்துவது நல்லது. முன்பின் அறியாத எழுத்தர் ஒருவர் பொதுத்தேர்வன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் குழந்தை கலங்கிவிடும்.

ஓர் ஊர் இடம் கொடுத்தபோது

1943-இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசம் குறித்த மருத்துவ அறிவின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அதில் முதலாவதாகக் குறிக்கப்பட்டவர் டொனால்டு டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். சிறு வயதில் சில ஆண்டுகள் ஓர் உழவர் இணையரிடம் வளர்ந்தார். எதைக் கண்டாலும் அளந்துகொண்டிருந்த அவரிடம் கிணற்றின் ஆழத்தை அளந்து சொல்லும்படி கூறினார்கள். எதையும் எண்ணிக்கொண்டிருந்தபோது, உழும்போது சோள வரிசைகளை எண்ணச் சொன்னார்கள். பின்னர் உள்ளூர்ப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் 1958-இல் கல்லூரிப் பட்டம் பெற்று, தம் ஊர் வங்கியிலேயே பணியாற்றி, 2023-இல் தம் 89-ஆம் வயதில் காலமானார். அவர் குடும்பம் வசதியானது என்பதையும், எல்லாக் குழந்தைகளும் கல்லூரி வரை செல்வார்கள் என்று சொல்ல முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும் குழந்தையின் பற்றுதலைத் தடுக்காமல் அதற்கு ஒரு வேலை கொடுத்த அந்த உழவர் வீட்டு அறிவு எந்த ஊர்ப் பள்ளிக்கும் எட்டக்கூடியது.

நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட பையனின் வகுப்பாசிரியர் அவன் இடத்தை மாற்றினார். பட அட்டை ஒன்று செய்தார். எண்களில் அவனுக்கு உள்ள ஆர்வத்தைக் கண்டு, காலையில் வந்திருக்கும் மாணவர்களை எண்ணிப் பலகையில் எழுதும் வேலையைக் கொடுத்தார். இன்றும் அவனுக்குக் கதை எழுதத் தெரியாது; நீண்ட மழை விடுமுறைக்குப் பின் ஒரு வாரம் சிரமப்படுகிறான். ஆனால் மாலை மணி அடிக்கும் வரை பள்ளியில் இருக்கிறான். அண்மையில் மறுபரிசோதனைக்கு வந்தபோது, இம்மாதம் எத்தனை முறை தொலைபேசி அழைப்பு வந்தது என்று தாயிடம் கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு தடவைதான், டாக்டர். அதுவும் காய்ச்சலுக்கு" என்றார்.

இந்த வாரமே ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடு போடுங்கள். அடுத்த மருத்துவமனை வருகையின்போது அதைக் கோப்பின் முதல் பக்கமாக வைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு பக்கக் குறிப்பை நாம் சேர்ந்து எழுதுவோம்.